“நான் உள்ளூர் இந்தியன் இல்லை”: பினாங்கில் பாஸ் எடுத்ததும் வீடு பிடித்ததும்

போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம்தான் இந்த யோசனை வந்தது. நான் மதுரையில் வீட்டிலிருந்தபடியே நெதர்லாந்து நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் கையேடுகள் எழுதுகிறவன். வாராந்தரக் கூட்டம் நமக்கு மாலை ஏழு மணிக்கு. எங்கள் தெரு அம்மன் கோயிலில் அது கூழ் ஊற்றும் வாரம். குழாய் ஒலிபெருக்கியைச் சரியாக என் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் பாட்டு. உங்கள் வீட்டில் திருமணமா என்று மேலாளர் அம்மையார் பொறுமையாகக் கேட்டார். இல்லை, கஞ்சி என்றேன். அதற்குமேல் விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. ஒரு வருடமாவது வேறெங்காவது போய் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன் என்று அன்றே மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளி ஆசிரியை, மகளுக்குப் பத்தாம் வகுப்பு. “நீங்க போங்க, நாங்க மே மாசம் வர்றோம்” என்று என்னைவிட வேகமாகச் சம்மதித்தாள்.

பினாங்கைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் மூன்று. சென்னையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நெதர்லாந்தில் காலை ஒன்பது என்றால் பினாங்கில் குளிர்காலத்தில் மாலை நாலு, கோடையில் மூன்று. ஆக பகல் பொழுது முழுக்க நம்முடையது. மூன்றாவது, தமிழ் பேசிச் சமாளிக்கலாம். இந்த மூன்றாவது காரணத்தைப் பிறகு நான் எந்த லட்சணத்தில் காப்பாற்றினேன் என்பதும் இந்தப் பதிவில் வரும். அதை விட்டுவிட்டு ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். சுற்றுலாத் துறைத் துண்டறிக்கை மாதிரி இருந்தது, அழித்துவிட்டேன்.

முதலில் பாஸ். வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையம் வழியே வேலை செய்பவர்களுக்கு மலேசியாவில் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை தங்கும் அனுமதி தருகிறார்கள், ஒரு முறை புதுப்பிக்கலாம். விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். என்னிடம் கேட்டவை: கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களும் (காலிப் பக்கம் உட்பட; நான் காலிப் பக்கங்களை விட்டுவிட்டு அனுப்பி ஒரு வாரம் வீணாக்கினேன்), வேலை ஒப்பந்தம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், மருத்துவக் காப்பீடு, நன்னடத்தைச் சான்று. கட்டணம் ஆயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம் மேல் ஆனது. அங்கே ரிங்கிட்டைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். மதுரையிலிருந்தே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். ஒன்றே ஒன்று பாக்கி: அங்கே தங்கப்போகும் முகவரி, கையெழுத்தான வாடகை ஒப்பந்தத்தோடு. அதை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஜனவரியில் சாதாரணப் பயணியாக இறங்கினேன். இந்தியர்களுக்கு முப்பது நாள் விசா தேவையில்லை. அந்த முப்பது நாளுக்குள் வீடு பிடிக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போய் மறுபடி வர வேண்டும்.

விமான நிலையத்தில் செயலி வழியே கூப்பிட்ட கார்தான் சேவியர் அண்ணனுடையது. ஐம்பது வயதிருக்கும். பின் கதவைத் திறக்கப் போனவனை, “முன்னால வாங்க தம்பி, பேசிக்கிட்டே போலாம்” என்றார்.

“ஊர்ல எங்க?”

“மதுரைண்ணே.”

“எங்க தாத்தா திருச்சிப் பக்கம்னு சொல்வாங்க. நான் போனதே இல்ல லா. நிபோங் திபால்ல பொறந்தவன், எஸ்டேட்டு. காடி ஓட்டத்தான் தெனம் தீவுக்கு வர்றேன்.”

காடி என்றால் கார்; லா என்பது அங்கே பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ஓர் அசை. நிபோங் திபால் தீவில் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், தெற்கே, செம்பனை எனும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். விமான நிலையத்திலிருந்து தலைநகர் ஜார்ஜ் டவுன் வரை பதினேழு கிலோமீட்டர், முப்பத்திரண்டு வெள்ளி. இறங்குவதற்குள் அவர் குடும்பக் கதை முழுக்கத் தெரிந்துவிட்டது. மனைவி ரீத்தா அக்காவுக்குத் தீவில் கெலுகோரில் ஒரு பள்ளியில் எழுத்தர் வேலை. இவர் விடியுமுன் கிளம்பிவிடுவதால் அந்த அம்மா தனியாக மோட்டார் சைக்கிளில், தீவுக்கு வரும் கடல்பாலத்தைத் தாண்டி வேலைக்கு வருவார்.

“மழ பேஞ்சா பாலத்துல காத்து ஆளையே தள்ளும் தம்பி. நவம்பர்ல விழுந்துட்டா. முட்டியில கம்பி வச்சிருக்கு. அதான் கெலுகோர்லயே வீடு பாக்குறோம். கெடச்சா நடந்தே வேலைக்குப் போயிருவா.”

“கிடைக்கலையா?”

“பாக்குறோம், பாக்குறோம்” என்றார்.

மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு விடுதி அறை, ஒரு நாளைக்குத் தொண்ணூற்றைந்து வெள்ளி. மாடியில் வெக்கை, ஆனால் இணையம் வேகம். கீழே வந்தால் நாசி கண்டார் கடை. சோற்றைத் தட்டில் போட்டு, கோழி, மீன், வெண்டைக்காய் எல்லாம் நாம் கை காட்டக் காட்ட வைத்து, நாலைந்து குழம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றித் தருவார்கள். “வெள்ளமா ஊத்தவா?” என்று பரிமாறிய பாய் கேட்டபோது நான் தண்ணீரைக் கேட்கிறார் என்று நினைத்து, வேண்டாம் பாட்டில் இருக்கிறது என்றேன். சோறு மூழ்கக் குழம்பு ஊற்றவா என்று அர்த்தமாம். பக்கத்தில் நின்ற சேவியர் அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டாம் நாளிலிருந்தே அவர்தான் என் வண்டி. அரை நாளுக்கு நூற்றிருபது வெள்ளி என்று பேசிக்கொண்டோம். செயலியெல்லாம் இல்லை, நேராகத் தொலைபேசிதான். காலையில் வீடு பார்ப்பது, பிறகு சேர்ந்து சாப்பிடுவது, நாலு மணிக்கு நான் வேலையில் உட்காருவது என்று ஆகிவிட்டது.

வீட்டு விளம்பரங்களை இணையத்தில் பார்த்தால் வாடகை, அறைகள், கார் நிறுத்தம் எல்லாம் இருக்கும். சிலவற்றில் கடைசியாக ஒரு வரி: சீனர்களுக்கு மட்டும். இன்னும் சிலவற்றில்: இந்தியர்கள் வேண்டாம். முதல் தடவை அதைப் படித்தபோது காருக்குள்ளேயே குதித்தேன். இது அநியாயம், சட்டம் இல்லையா, என் வலைப்பூவில் கிழிகிழியென்று கிழிக்கிறேன் பாருங்கள் என்றேன். சென்னையில் நான் வீடு தேடிய கதையையும் எடுத்துவிட்டேன். “கறி சமைப்பீங்களா” என்ற ஒரு கேள்வியிலேயே குலம் கோத்திரம் முழுக்க விசாரித்து முடித்துவிடுவார்கள், எத்தனை படி இறங்கி வந்திருக்கிறேன் தெரியுமா என்றேன்.

“அங்கயுமா?” என்று அவர் ஆச்சரியப்பட்டார். “எல்லாரும் அப்டி இல்ல தம்பி. ஆனா போன் போட்டா மொத கேள்வி அதான், ‘வாட் ரேஸ்’னு. பழகிருச்சு லா.”

நான் பார்த்த இரண்டு வீடுகள் சரிவரவில்லை. இரண்டு இடத்தில் பதிலே இல்லை. இருபதாம் நாள் நெருங்கியது, திரும்பிப் போகும் விமானத்துக்குக் கட்டணம் பார்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் அந்த வீட்டைச் சேவியர் அண்ணன் காட்டினார். கெலுகோரில், மேட்டில் இருக்கும் ஓர் அடுக்குமாடி, பதினோராம் மாடி, இரண்டு படுக்கையறை, மாதம் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி. ரீத்தா அக்காவின் பள்ளி அங்கிருந்து பொடிநடை.

“போன மாசம் நாங்க கேட்டோம். ஆள் வந்திருச்சுன்னாங்க. ஆனா விளம்பரம் இன்னும் ஓடுது. நீங்க கேட்டுப் பாருங்க தம்பி.”

அவர் கேட்டுக் கிடைக்காத வீட்டை எனக்குச் சொல்கிறார். அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றிருந்தது, உடனே எண்ணை அழுத்தினேன். எடுத்தது வீட்டுத் தரகுப் பெண். பெயர் கேட்டாள், எப்போது குடிவருவீர்கள் என்றாள், பிறகு என்ன இனம் என்றாள். இந்தியன் என்றேன். “சாரி லா, ஓனர் இந்தியர் வேணாம்னு சொல்றாரு” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குரலில் நிஜமாகவே சங்கடம் இருந்தது.

அப்போது நான் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: “இல்லை இல்லை, நான் உள்ளூர் இந்தியன் இல்லை. இந்தியாவிலிருந்து வந்தவன். ஐரோப்பிய நிறுவனத்தில் வேலை. தனி ஆள். வீட்டில் பெரிதாகச் சமைக்க மாட்டேன்.”

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு சொல் தடுக்காமல், மனப்பாடம் செய்து வைத்திருந்ததுபோல வந்தது. அநியாயம் என்று குதித்த அதே வாய், உட்கார்ந்திருந்த அதே இருக்கை. “ஓ, எக்ஸ்பாட்டா? கேன், கேன்” (வெளிநாட்டு உத்தியோகஸ்தரா, அப்படியென்றால் முடியும்) என்று அவள் உற்சாகமாகி, மூன்று மணிக்கு வந்து பார்க்கச் சொன்னாள். விளக்கு பச்சைக்கு மாறி, பின்னாலிருந்து ஒருவர் ஹாரன் அடித்த பிறகுதான் சேவியர் அண்ணன் வண்டியை எடுத்தார்.

“எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?”

“மூணுக்குண்ணே.”

“அப்ப சாப்டுட்டுப் போலாம்.”

சாப்பிட்டோம். அவர் எப்போதும்போல மீன்தலைத் துண்டைத் தேடி வாங்கி என் தட்டில் வைத்தார்.

மூன்று மணிக்கு அடுக்குமாடி வாசலில் வண்டியை நிறுத்தி, “நானும் மேல வர்றேன், பைப்புல தண்ணி நல்லா வருதான்னு பாத்துருவோம்” என்று கதவைத் திறந்தார். நான் வேண்டாம் என்றேன். “நீங்க இங்கயே இருங்கண்ணே. காடிய எடுக்கச் சொல்லிருவாங்க.” விருந்தினர் நிறுத்துமிடத்தில் மூன்று இடம் காலியாகக் கிடந்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். “சரி தம்பி” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மேலே போனால் கதவைத் திறந்தவர் தமிழர். நெற்றியில் திருநீறு, மடிப்புக் கலையாத சட்டை, ஓய்வு பெற்ற கணக்காய்வாளராம். “வாங்க தம்பி, மதுரையா! நமக்கும் அங்க சொந்தம் இருக்கு” என்று கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு அவரே விஷயத்துக்கு வந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க. நம்ம ஆளுங்களுக்கு வீடு குடுக்கறது ரொம்ப சூசா. ஒரு குடும்பம்னு சொல்வாங்க, நாலு குடும்பம் இருக்கும். அதான் ஏஜென்ட்கிட்டயே வேணாம்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க வேற மாதிரி, பாத்தாலே தெரியுது.”

சூசா என்றால் மலாயில் தொல்லை. நான் தலையாட்டினேன். யார் கூட்டி வந்தது, இங்கே தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டார். “யாரும் இல்ல சார், வாடகை கார்தான்” என்றேன். இரண்டு மாத முன்பணமும் மின்சாரத்துக்கு அரை மாதமும் என்று பேசி, ஒப்பந்தத்தை மறுநாள் அனுப்பச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

“கெடச்சிருச்சா?” என்றார் சேவியர் அண்ணன். நிஜமான சந்தோஷத்தோடுதான் கேட்டார்.

“கெடச்சிருச்சுண்ணே.”

“வீட்டுக்காரர் சீனரா?”

“ஆமா” என்றேன்.

நம்மவர் என்று சொன்னால் மனிதர் மனம் நோகும், அதனால்தான் மறைத்தேன் என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். சீனர் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம். தமிழர் என்றால் அவர் என்ன சொன்னார், அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று பேச்சு வளரும். அந்தப் பேச்சுக்குப் பயந்து, இந்த வீட்டு விஷயத்தில் எந்தச் சீனரும் செய்யாத காரியத்தை அவர்கள் தலையில் கட்டினேன்.

ஒப்பந்தத்தைப் பதிவேற்றியதும் மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. சில நாளில் ஒப்புதல் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு குடிநுழைவு (இமிக்ரேஷன்) அலுவலகத்துக்குப் போனேன். காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். காற்சட்டை முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும், செருப்பு வேண்டாம், காவலர் திருப்பி அனுப்பிவிடுவார். எனக்குப் பதினொன்றரைக்குக் கடவுச்சீட்டில் பாஸ் ஒட்டிக் கையில் கொடுத்துவிட்டார்கள். விடுதிக்கு வந்து மனைவிக்குப் படம் அனுப்பினேன். அந்த ஒரு நாள் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன், அதையும் மறைக்கவில்லை.

சனிக்கிழமை குடிபோவதாக முடிவாயிற்று. உதவிக்கு வருகிறோம் என்று சேவியர் அண்ணன் தானாகவே சொன்னார், ரீத்தா அக்காவையும் கூட்டி வந்தார். அன்றுதான் அந்த அம்மாவை முதலில் பார்க்கிறேன். ஒரு காலை லேசாக இழுத்து நடந்தார். துடைப்பம், வாளி, ஒரு பழைய சோற்றுக் குக்கர், கூடவே ஒரு பால் பாக்கெட், சின்னப் பாத்திரம் ஒன்று, நாலு டம்ளர். “புது வீட்டுல மொதல்ல பால் காய்ச்சாம எப்டி தம்பி? நாங்க மாதாவக் கும்பிட்டுக் காய்ச்சுவோம், நீங்க ஒங்க சாமியக் கும்பிட்டுக்கங்க” என்று அடுப்பைப் பற்றவைத்தார். சேவியர் அண்ணன் முக்காலியில் ஏறிக் கூடத்து மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரீத்தா அக்கா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்து, “ஸ்கூல் கூரை தெரியுது பாருங்களேன்” என்றார். சேவியர் அண்ணன் விசிறியின் அடுத்த இறக்கைக்கு நகர்ந்தார்.

பால் பொங்குகிற நேரத்துக்கு வீட்டுக்காரர் வந்து நின்றார், இரண்டாவது சாவியைக் கொடுக்க.

“என்ன தம்பி, பால் காய்ச்சியாச்சா?”

முக்காலியில் நின்றபடியே சேவியர் அண்ணன் கீழே பார்த்தார். அவரை, திருநீற்றை, பிறகு என்னை. வீட்டுக்காரரும் என்னைத்தான் பார்த்தார். “இவங்க?” என்றார். ரீத்தா அக்காதான் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

“நாங்க நிபோங் திபால் ஐயா. போன மாசம் இந்த வீட்டுக்குப் போன் பண்ணது நாங்கதான். ஆள் வந்திருச்சுன்னாங்க.”

“அப்படியா? அதெல்லாம் ஏஜென்ட் பாத்துக்கறாங்கம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று சாவியை மேடைமேல் வைத்தார். ரீத்தா அக்கா அவருக்கும் ஒரு டம்ளரில் பால் ஊற்றி நீட்டினார். சர்க்கரை ஆகாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சேவியர் அண்ணன் இறங்கி வந்து முக்காலியை ஓரமாக வைத்தார். “சீனர்னீங்களே தம்பி” என்றார். கோபமே இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற குரல்தான். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் வேற வீடு பாத்துக்கறேண்ணே. அவர்கிட்டப் பேசி இந்த வீட்ட ஒங்களுக்கே…” என்று ஏதோ உளறினேன்.

“வேணாம் தம்பி. பேசி அவர் குடுத்தாலும், எத்தன பேர் இருக்கோம்னு தெனம் வந்து எண்ணிட்டுப் போவாரு. எங்களுக்கு வேணாம்.”

அவர் வேண்டாம் என்றதும் எனக்குள் அப்பாடா என்று இருந்தது. அவமானத்தில் உடம்பெல்லாம் கூசிக்கொண்டிருந்த நேரத்திலும் அந்த அப்பாடா வந்தது. நடந்த எல்லாவற்றையும்விட அதற்காகத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

“பால் ஆறுது, குடிங்க” என்றார் ரீத்தா அக்கா. மூன்று பேரும் நின்றுகொண்டே குடித்தோம். கோபித்துக்கொண்டு உடனே போய்விடுவார்கள் என்று நினைத்தேன். சேவியர் அண்ணன் மறுபடி முக்காலியில் ஏறி, பாக்கியிருந்த இறக்கையைத் துடைத்து முடித்தார். அந்த அம்மா சமையல் மேடையைக் கழுவிவிட்டார். பிறகுதான் கிளம்பினார்கள்.

அடுத்த மாதம் வாடகை கொடுக்கும்போது வீட்டுக்காரரிடம் பேசிப் பார்த்தேன். நல்ல குடும்பம், அந்த அம்மாவுக்குப் பள்ளி பக்கம், கால் வேறு சரியில்லை என்றேன். “ஒங்களுக்கு நல்ல மனசு தம்பி” என்று சிரித்து, வெயில் எப்படி, ஒத்துக்கொள்கிறதா என்று விசாரித்தார். நானும் வெயிலைப் பற்றிப் பேசினேன். இந்த முகவரியில்தான் என் பாஸ் இருக்கிறது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. விதிகளும் கட்டணமும் மாறும், என் கணக்கை நம்பாமல் அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். காலிப் பக்கங்களையும் ஸ்கேன் செய்யுங்கள். வீடு தேட முழுதாக ஒரு மாதம் ஒதுக்குங்கள், முன்பணத்துக்கு இரண்டரை மாத வாடகை கையில் இருக்கட்டும். என்ன இனம் என்று கேட்பார்கள். கேட்டால் இந்தியன் என்று மட்டும் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் தொலைபேசியை வைத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள். நான் சொன்ன அந்த வாக்கியம் உங்கள் வாயிலும் தயாராக இருக்கும். அதைச் சொன்னால் வீடு கிடைக்கும் என்பதையும் நான் மறைக்கவில்லை.

சேவியர் அண்ணன் இப்போதும் கூப்பிட்டால் வருகிறார். முன்னால் உட்காரச் சொல்வதில்லை, நானே பின் கதவைத் திறந்து ஏறிக்கொள்கிறேன். அவர்களுக்கு இன்னும் கெலுகோரில் வீடு அமையவில்லை, ரீத்தா அக்கா பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறார். விடிகாலையில் மழை பிடித்தால் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, திரும்பி வந்து படுத்துக்கொள்கிறேன்.